எல்லாச் சொல்லுக்கும் ஓரிடம்: அகராதி மனிதர் வின்சுலோ

சொற்களைத் திரட்டிப் பொருள் கூறும் நூலுக்கு ஒவ்வொரு மொழியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘டிக்‌ஷனரி’ பேசுதலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ‘லெக்சிகன்’ என்பது சொல்லையும் பேச்சையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. வடமொழியின் ‘கோசம்’ கருவூலம் என்று பொருள்படும். தமிழ் வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டது. ‘அகராதி’ என்றால் அகரத்தை ஆதியாக உடையது, அவ்வளவுதான். சொல் என்றோ பொருள் என்றோ செல்வம் என்றோ அந்தப் பெயர் எதையும் உரிமை கொண்டாடவில்லை. வரிசை எங்கே தொடங்குகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது.

அந்த வரிசைக்குள் ஒரு பெரிய மாற்றம் அடங்கியிருந்தது. அதற்கு முன் தமிழில் நிலவியவை நிகண்டுகள். சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளைக் கொண்டது. தெய்வப்பெயர் முதலிலும் மக்கட்பெயர் அடுத்தும் நிற்க, விலங்கு, மரம், இடம், பொருள் என அது படிப்படியாக இறங்கிச் செல்லும். செய்யுளில் அமைந்த அந்நூல்களை மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். சூடாமணி நிகண்டைத் தலைகீழாக ஒப்பிப்பவனே கற்றவன் எனத் திண்ணைப் பள்ளிகள் கருதின. ஒரு சொல்லுக்குப் பொருள் தேட வேண்டுமானால் அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவருக்கு நினைவூட்டுவதற்கு நிகண்டு பயன்பட்டது. தெரியாதவருக்கு அது எளிதில் வழிவிடவில்லை.

1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய நூலின் பெயர் ‘அகராதி நிகண்டு’. சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்கிய அந்நூலில் புதிய சொல்லும் பழைய சொல்லும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1732இல் வீரமாமுனிவர் தம் நூலுக்குச் ‘சதுரகராதி’ என்று பெயரிட்டபோது நிகண்டு என்னும் பின்னொட்டு உதிர்ந்து, அகராதி தனிப்பெயராக நிலைபெற்றது. பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகள் உடையதாதலின் அது சதுரகராதி. அன்றுமுதல் எழுத்தறிந்த எவரும் எந்தச் சொல்லையும் தாமே தேடிக் காணலாம் என்னும் நிலை உருவானது. தெய்வத்தின் பெயரும் மீனின் பெயரும் முதலெழுத்தைப் பொறுத்து முன்னும் பின்னும் நிற்கத் தொடங்கின.

இந்தப் பெயர் அளித்த வாக்குறுதியை நிறைவேற்றுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர்களுள் ஒருவர் மிரன் வின்சுலோ. அவருடைய தமிழ் – ஆங்கிலப் பேரகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. அந்நூலின் பெயரை அறிந்தோர் பலர். அதன் பின்னிருந்த வாழ்க்கையை அறிந்தோர் சிலரே.

வெர்மாண்டிலிருந்து உடுவிலுக்கு

வின்சுலோ 1789 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள வில்லிஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் வணிகத் துறையில் இருந்த அவருடைய மனம் சமயப்பணியின் பக்கம் திரும்பியது. மிடில்பரி கல்லூரியில் 1815இல் பட்டம் பெற்று, ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் பயின்றார். 1819 ஜனவரியில் ஹேரியட் லேத்ரப் என்பவரை மணந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் இருவரும் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘இண்டஸ்’ என்னும் கப்பலில் புறப்பட்டார்கள். உடன் வந்தவர்களில் லீவை ஸ்பால்டிங், மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகியோரும் இருந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர், இந்த ஜான் ஸ்கடரின் பேத்தி.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப்பகுதியில் அமெரிக்கச் சமயப்பணியாளர்களை அன்று விரும்பி வரவேற்கவில்லை. எனவே அமெரிக்க மிஷன் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் காலூன்றியிருந்தது. வின்சுலோ தம்பதியர் 1820இல் உடுவிலில் குடியேறினார்கள். 1824இல் அங்கே ஹேரியட்டின் முயற்சியால் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கத்துக்கு மாறானதாகக் கருதப்பட்ட காலம் அது. உடுவில் மகளிர் கல்லூரி என்னும் பெயரில் அந்நிறுவனம் இன்றும் இயங்கிவருகிறது.

வந்த வேகத்திலேயே மிஷனுக்கு ஒரு தடை எதிர்ப்பட்டது. அச்சுப்பணிக்கென்று அமெரிக்காவிலிருந்து 1820இல் வந்த ஜேம்ஸ் காரெட் என்பவரை இலங்கை அரசு தங்க அனுமதிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டது. அச்சுப்பொறி இருந்தும் அதை இயக்க ஆளில்லை. அச்சிட்ட பாடநூல் இல்லாமலே பள்ளிகளை நடத்த வேண்டிய நிலையில், தமிழ் கற்பதும் ஏட்டுச் சுவடிகளைப் படிப்பதும் சொற்களைக் குறித்துவைப்பதுமே அவர்களுக்குக் கிடைத்த வழியாயிற்று.

பேரகராதியின் விதை விழுந்ததும் அக்காலத்தில்தான். விதைத்தவர் வின்சுலோ அல்லர். நல்லூரிலிருந்த இங்கிலாந்துத் திருச்சபைப் பணியாளர் ஜோசப் நைட் என்பவரே அதைத் தொடங்கினார். தமிழுக்குத் தமிழிலும், தமிழுக்கு ஆங்கிலத்திலும், ஆங்கிலத்துக்குத் தமிழிலும் பொருள் கூறும் அகராதிகள் வேண்டுமென்று அவர் திட்டமிட்டார். உள்ளூர்ப் புலவர்களின் துணையோடு சொற்களைத் திரட்டினார். ஆயினும் எதையும் நூலாகக் காணாமலே 1840இல் இறந்துபோனார். அவர் திரட்டிய ஏடுகள் அமெரிக்க மிஷனின் பொறுப்புக்கு வந்தன.

திட்டத்தின் முதற்பயன் 1842இல் யாழ்ப்பாணத்திலேயே கிடைத்தது. 58,500 சொற்களைக் கொண்ட தமிழ் – தமிழ் அகராதி மானிப்பாய் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் அது வழங்கலாயிற்று. அதைத் தொகுத்தவர்கள் சந்திரசேகர பண்டிதரும் சரவணமுத்துப்பிள்ளையும். ஆங்கிலம் – தமிழ் அகராதியை ஸ்பால்டிங் நிறைவேற்றினார். மூன்றாவதும் பெரியதுமான தமிழ் – ஆங்கில அகராதி கைமாறிக் கைமாறி இறுதியில் வின்சுலோவிடம் வந்து சேர்ந்தது.

துறைமுகம் இல்லாத கரையில்

இதற்கிடையே அவருடைய வாழ்க்கை குலைந்திருந்தது. கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த மகன் சார்லஸ் 1832இல் அங்கே இறந்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஹேரியட் மறைந்தார். தாயை இழந்த குழந்தைகளுக்கு ஒரு வழி செய்துவிட்டு 1835இல் வின்சுலோ மீண்டும் கீழைநாட்டுக்குக் கப்பலேறினார். அவ்வாண்டே மனைவியின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். பின்னர் மணந்தவர்களையும் ஒருவர்பின் ஒருவராக மரணம் கொண்டுபோயிற்று. மொத்தம் நான்கு மனைவியரை அவர் இழந்தார்.

1833ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் கம்பெனியின் ஆட்சிப்பகுதியைப் பிற நாட்டுப் பணியாளர்களுக்கும் திறந்துவிட்டது. 1835இல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டம் அச்சகங்களின் மீதிருந்த கட்டுகளைத் தளர்த்தியது. இவ்விரண்டுக்கும் அடுத்து, 1836இல், வின்சுலோவும் ஸ்கடரும் சென்னையில் அமெரிக்க மிஷனைத் தொடங்க வந்ததைத் தற்செயல் என்று கொள்ள முடியாது. தமிழில் பெருமளவில் அச்சிட வேண்டும் என்பதே அந்த இடமாற்றத்தின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று.

அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரமிடும். ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும்தான் மனிதரும் பொருளும் அலைகளைக் கடந்து கரைசேர வேண்டும். அந்தப் படகுகளைச் செலுத்தியவர்கள் வடசென்னைக் கரையோர மக்கள். அவர்கள் இராயபுரத்தில் எழுப்பிய தேவாலயம் இராயப்பர் எனத் தமிழில் வழங்கும் புனித பேதுருவின் பெயரைத் தாங்கியது. ஊர்ப்பெயரே அவரிடமிருந்து வந்தது என்பது பரவலான வழக்கு. அவர்களுடைய ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் புகுந்து, அங்கிருந்து உலக மொழிகளின் அகராதிகளில் இடம்பெற்றுவிட்டது. புலவர் எவரும் முன்மொழியாமல், உழைப்பவர்களின் வாயிலிருந்து நேரே கடல்கடந்து சென்ற தமிழ்ச்சொல் அது.

அமெரிக்க மிஷன் சிந்தாதிரிப்பேட்டையிலும் இராயபுரத்திலும் நிலையங்கள் அமைத்தது. திருச்சபைச் சங்கம் சென்னையில் வைத்திருந்த அச்சகத்தை 1838இல் விலைக்கு வாங்கியது. அதன் பொறுப்பை ஏற்க பினியாஸ் ஹண்ட் என்னும் அச்சாளர் வந்து சேர்ந்தார். ஹண்டின் கைவண்ணத்தில் தமிழ் அச்செழுத்துகள் அளவில் சிறுத்துத் தெளிவில் கூடின. பருத்த எழுத்துகளால் பெரும் பொதியாக இருந்த நூல்கள் கையடக்கம் பெற்றன. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே பத்தியில் நெருக்கி அச்சிட வேண்டிய ஒரு பேரகராதிக்கு இந்தத் தொழில்நுட்பம் இன்றியமையாதது.

முன்னோரும் துணைவரும்

சென்னை அகராதிக்குப் புதிய ஊர் அன்று. வேப்பேரியில் வாழ்ந்த ஜெர்மானியரான பப்ரீசியஸ் 1779இல் தமிழ் – ஆங்கில அகராதியை வெளியிட்டிருந்தார். அவர் கடன் சுமையில் சிக்கி, சிறையும் கண்டு, 1791இல் இறந்தார். அதே வேப்பேரியில் ராட்லர் தொகுத்த அகராதி 1834 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. முழுமையாகும் முன்பே, 1836இல், ராட்லரும் மறைந்தார். எஞ்சியதை டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் முடித்தார்கள். தமிழ் அகராதி என்பது தொடங்கியவர் முடிவைக் காணாத பணியாகவே இருந்துவந்தது. நைட்டின் ஏடுகளைக் கையில் ஏந்தியபோது வின்சுலோ இதை உணராதிருந்திருக்க முடியாது.

அவருக்கு அது ஒன்றே பணியாகவும் இருக்கவில்லை. பள்ளிகள், வழிபாடு, விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பின் திருத்தம், அச்சகத்துக்கான எழுத்துவேலை எல்லாம் அவர்மேல் இருந்தன. அகராதிக்குக் கிடைத்தது இவற்றுக்கிடையே மிஞ்சிய நேரமே. அந்த மிச்ச நேரம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டது.

பணி நடந்த முறையை நினைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய கணினி நொடியில் செய்துவிடும் வரிசைப்படுத்தலைக் கையால் செய்தார்கள். ஒரு புதிய சொல் கிடைத்தால் அதை உரிய இடத்தில் நுழைக்க வேண்டும். இடமில்லையெனில் பக்கத்தையே மீண்டும் எழுத வேண்டும். குறிலும் நெடிலும், ரகரமும் றகரமும், லகர ளகர ழகரமும் ஒன்றோடொன்று மயங்கும் மொழியில் ஓரெழுத்துப் பிழை ஒரு சொல்லைப் பல பக்கங்களுக்கு அப்பால் தள்ளிவிடும். அகரத்தை ஆதியாகக் கொள்வது எளிது. அந்த வரிசையை னகரம்வரை பிறழாமல் கொண்டுசெல்வது பெரும் தவம்.

அந்தத் தவம் ஒருவருடையது மட்டுமன்று. அன்றைய சென்னையின் தலைசிறந்த தமிழாசிரியர்களில் ஒருவரான இராமாநுச கவிராயர் வின்சுலோவுக்குத் துணைநின்றார். அவரிடம் பாடம்கேட்டவர்களுள் ஜி.யு. போப்பும் ஒருவர். இலக்கணத்தைச் சுருங்கிய வினாவிடையாக எழுதிப் புகழ்பெற்ற விசாகப்பெருமாளையரும் உதவினார். நிகண்டுகளை நினைவில் சுமந்த புலவர்கள், அந்த நினைவைப் பிரித்து ஒவ்வொரு சொல்லாக அகரவரிசைக்குக் கொடுத்தார்கள். மனப்பாட மரபு அச்சு மரபுக்குக் கைமாறிய இடம் அந்த மேசை. கவிராயர் 1853இல் காலமானார்; நூலை அவரும் பார்க்கவில்லை. வின்சுலோ தம் முன்னுரையில் துணைவர்களுக்கு நன்றி கூறத் தவறவில்லை. ஆனால் ‘வின்சுலோ அகராதி’ என்று நாம் சொல்லிப் பழகியதில் நைட்டும் கவிராயரும் ஐயரும் மறைந்துபோனார்கள். ஒரு நூலுக்கு ஒரு பெயர் என்னும் வசதி, பல கைகளின் உழைப்பை மறக்கச் செய்துவிடுகிறது.

1862: செந்தமிழும் கொடுந்தமிழும்

சென்னையின் முகம் அதற்குள் மாறியிருந்தது. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்ற சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அதன் முதற் பட்டதாரிகளாயினர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் ஊன்றிய கல்வியும் சென்னையின் அச்சுத்தொழிலும் ஒன்றையொன்று தழுவிய காலம் அது. 1862இல் அமெரிக்க மிஷன் அச்சகத்திலிருந்து வின்சுலோவின் பேரகராதி வெளியாயிற்று. ஏறத்தாழ 1,000 பக்கங்கள். 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். அவற்றுள் சற்றேறக்குறைய 30,000 சொற்கள் அதற்கு முன் எந்த அகராதியிலும் இடம்பெறாதவை என்று அவர் கணக்கிட்டார். வானியல், சோதிடம், மருத்துவம், தாவரம், புராணம் ஆகிய துறைகளின் சொற்கள் பெருமளவில் சேர்ந்தன. அப்போது அவருக்கு வயது 72.

நூலின் தலைப்பிலேயே ஒரு கொள்கை பொதிந்திருந்தது. உயர்தமிழ், தாழ்தமிழ் இரண்டுக்குமான விரிவான அகராதி என்று அது தன்னை அறிவித்துக்கொண்டது. செந்தமிழ், கொடுந்தமிழ் என்று வீரமாமுனிவர் காலம்தொட்டு ஐரோப்பியர் பிரித்து இலக்கணம் எழுதிய மரபின் தொடர்ச்சி அது. உயர்வு தாழ்வு என்னும் அடைமொழிகள் இன்று நமக்கு உறுத்தலாம், உறுத்தவும் வேண்டும். ஆயினும் அந்தத் தலைப்பு செய்த செயல் வேறு. உயர்ந்தது என்று கருதப்பட்டதற்கென ஒரு நூலும் தாழ்ந்ததற்கென மற்றொரு நூலும் அவர் தொகுக்கவில்லை. ஏட்டுச் சொல்லையும் வீட்டுச் சொல்லையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். அடைமொழி பிரித்ததை அகரம் சேர்த்துவைத்தது.

குறைகள் இல்லாமலில்லை. வின்சுலோ மதம் பரப்ப வந்தவர். தமிழரின் வழிபாட்டையும் நம்பிக்கைகளையும் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகள் அந்நோக்கத்துக்கு உட்பட்டவையே. சொற்களுக்கு இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டும் முறையை அவர் பின்பற்றவில்லை. சங்க நூல்கள் பெரும்பாலும் அச்சேறாத காலமாதலால் அவற்றின் சொல்வளம் அவருக்கு முழுமையாக எட்டவில்லை. சொல்லின் வேரைக் காட்டுவதில் வடமொழிச் சார்பு மிகுதி. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னும், அவருக்குப்பின் வந்த எந்தத் தமிழ் அகராதியும் அவரைக் கடந்துபோக அவர்வழியேதான் செல்ல வேண்டியிருந்தது என்பது மறுக்கவியலாதது.

கரைசேராத பயணம்

நூல் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில் உடல் தளர்ந்தது. 1864இல் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். நன்னம்பிக்கை முனையை அடைந்ததோடு அப்பயணம் முடிந்தது. 1864 அக்டோபர் 22 அன்று அங்கே உயிர் நீத்தார். பிறந்த அமெரிக்காவும் இல்லை, நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தமிழ்நிலமும் இல்லை; இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு துறைமுக நகரம் அவரை ஏற்றுக்கொண்டது. ஹேரியட்டின் பெயரையே தாங்கிய அவருடைய மகள், சென்னையில் சிலகாலம் பணியாற்றிய ஜான் வெல்ஷ் டல்லஸ் என்பவரை மணந்தார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராயிருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸும் அந்நாட்டு உளவுத்துறையின் தலைவராயிருந்த ஆலன் டல்லஸும் இந்த வழியில் வந்த கொள்ளுப்பேரர்கள். உலக அரசியல் அவர்களை நினைவில் வைத்திருக்கிறது. தமிழுலகு நினைவில் வைத்திருப்பது கொள்ளுத்தாத்தாவை.

ஜி.யு. போப் தம் முதுமையில் வின்சுலோ அகராதியைத் திருத்தி விரிவாக்க விரும்பினார். 1908இல் அவர் மறைந்த பின்னர் அந்த விருப்பம் ஓர் அரசுத் திட்டமாக உருவெடுத்தது. 1913இல் ஜே.எஸ். சாண்ட்லர் என்னும் மற்றோர் அமெரிக்கரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மதுரையில் பணி தொடங்கியது. பின்னர் சென்னைக்கு இடம்பெயர்ந்து, 1926 முதல் எஸ். வையாபுரிப்பிள்ளையின் பொறுப்பில் வளர்ந்து, 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பேரகராதியை நாம் ‘லெக்சிகன்’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டித் தந்த நூலுக்கு, தமிழில் அதற்கெனவே இருந்த சொல் பெயராக அமையாமற்போனது ஒரு முரண்.

பெயரைப் பற்றிய தேடல் அதன்பின்னும் ஓயவில்லை. ‘அகராதி’யின் பின்பாதியான ‘ஆதி’ வடசொல் என்று கருதிய தேவநேயப் பாவாணர் ‘அகரமுதலி’ என்னும் சொல்லை முன்வைத்தார். தமிழக அரசு 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அவர் பொறுப்பேற்றார். 1981இல் அவர் காலமானபோது திட்டம் முடிந்திருக்கவில்லை. பிறர் தொடர்ந்து முடித்தார்கள். அங்கும் நைட்டின் கதையே, ராட்லரின் கதையே. வியப்பு என்னவெனில், அகரம், முதல், ஆதி ஆகிய மூன்று சொற்களும் திருக்குறளின் முதற்குறளிலேயே உள்ளன. அகராதி என்றாலும் அகரமுதலி என்றாலும் கருத்து ஒன்றே: முன்னிற்பது எழுத்து, பிறப்போ பெருமையோ அன்று.

தெருவில் இன்னொரு பொருள்

தமிழ்த் தெருக்களில் ‘அகராதி’க்கு வேறொரு பொருளும் உண்டு. எதிர்த்துப் பேசுபவரை, எடுத்த பேச்சுக்கெல்லாம் விளக்கம் கேட்பவரை, திமிர் பிடித்தவரை ‘அகராதி பிடித்தவர்’ என்கிறோம். எழுத்தறிந்தவரே அறிவுடையவர் என்றிருந்த சமூகத்தில், எளியவர் ஒருவர் சொல்லுக்குப் பொருள் கேட்டால் அது திமிராகத்தான் தோன்றியிருக்கும். யார் பேசலாம், யார் பேச்சு பேச்சாகக் கொள்ளப்படும் என்னும் பழைய வழக்கு அந்த வசவில் ஒளிந்திருக்கிறது.

அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பதை வடசென்னை காட்டுகிறது. இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையிலான கரையில் பேசப்படும் தமிழ் ஒரு துறைமுகத் தமிழ். ‘துட்டு’ டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. ‘நாஷ்டா’வும் ‘பேஜா’ரும் உருதுவின் வழி வந்தவை. ‘சோமாரி’ தெலுங்கு, வசவாக வழங்கும் ‘கஸ்மாலம்’ வடமொழி. இத்தனை மொழிகளோடு கொடுக்கல் வாங்கல் நடத்திய பேச்சு, அந்நகரின் இருநூறாண்டு வணிகத்துக்கும் உழைப்புக்கும் சான்று. ஆனால் திரைப்படங்களில் அது பெரும்பாலும் ரவுடியின் மொழியாகவும் நகைச்சுவையாகவுமே வருகிறது. கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணனும் கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகனும் அகராதி தந்தார்கள். அந்தச் சொற்களை நாம் மதிப்போடு ஏற்றுக்கொண்டோம். வடசென்னைப் பேச்சுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் ஏளனம்.

இழப்பு கண்முன்னே நிகழ்கிறது. கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு அழைக்கும் மீனவர்கள் அக்கரையில் இன்னும் இருக்கிறார்கள். பழவேற்காட்டுப் பகுதியில் ‘பாடு’ என்றால் துன்பம் மட்டுமன்று. மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் உரிமையின் பெயரும் அதுவே. அனல்மின் நிலையங்களின் சாம்பலால் எண்ணூர்க் கழிமுகம் தூர்ந்துவருகிறது. 2017இலும் 2023இலும் எண்ணெய்க் கசிவுகள் அக்கரையைக் கறுப்பாக்கின. மீன் மறையும்போது மீனின் பெயரும் மறைகிறது. தொழில் போகும்போது தொழிலின் சொற்களும் போய்விடுகின்றன. சொற்களைத் திரட்ட முதியவர்களின் நினைவே எஞ்சியிருக்கும் நிலை, இராமாநுச கவிராயரின் காலத்து நிலையை ஒத்தது. அன்று அந்த நினைவைத் தேடிச்சென்று எழுதிவைக்க ஆட்கள் இருந்தார்கள்.

வின்சுலோவின் அகராதி இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எவரும் தேடும் வண்ணம் இருக்கிறது. அவர் இருபதாண்டுகளுக்கு மேல் செய்த வேலையைச் செய்ய இன்று ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பயிற்சிபெற்ற சில மாணவர்களும் போதும். சென்னையின் பல்கலைக்கழகங்களுக்கும் அரசின் அகரமுதலி இயக்ககத்துக்கும் இது எட்டாத பணியன்று. எண்ணூரின் உப்பளத் தொழிலாளியும் காசிமேட்டின் மீன் விற்கும் பெண்ணும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் பேசும் சொற்களைத் திரட்டி, உரிய எழுத்தின்கீழ் நிறுத்த வேண்டும். ‘அகராதி’ என்னும் பெயர் இதைத்தான் கேட்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் தலைப்பில் தாழ்தமிழ் என்று எழுதிய பின்னரும் அதற்கு வரிசையில் இடம் கொடுத்தார். நம் மொழி என்று சொல்லிக்கொள்ளும் நாம் அதைவிடக் குறைவாகச் செய்யலாகாது.